30 மில்லிமீட்டர்: ஏர்கான் வேலைக்கு ஓடும் பிக்-அப்பைத் தாழ்த்திய முழு விவரம்

"அண்ணே, மூணு இஞ்சு இறக்கிக் குடுங்க. பின்சீட்ல உக்காந்தா அம்மாவுக்கு இடுப்பே போயிடுது. இறக்கினா கார் மாதிரி ஓடும்னு சொல்றாங்க."

"இறக்கலாம் தம்பி. ஆனா இடுப்பு வலிக்கு உயரம் காரணம் இல்ல. மொதல்ல அளந்து பாப்போம்."

சிங்கப்பூரின் காக்கி புக்கிட் ஒர்க்ஷாப் ஒன்றின் வாசலில் நடந்த இந்தப் பேச்சில்தான் முழு வேலையும் அடங்கியிருக்கிறது. பிக்-அப்பைத் தாழ்த்தச் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு ஆசைகளை ஒன்றாகக் கட்டிக் கேட்கிறார்கள். ஒன்று, வண்டி தாழ்வாக இருந்தால் ஏறி இறங்கச் சுலபம், வளைவில் சாயாது. இரண்டு, குலுக்கல் குறையும். முதலாவது உண்மை. இரண்டாவதற்கும் உயரத்துக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. கணக்குப் பார்க்காமல் இறக்கினால் குலுக்கல் கூடத்தான் செய்யும். ஏன் கூடும், இந்த வண்டியில் எதை மாற்றினோம், எதைத் தொடாமல் விட்டோம் என்பதை அளவுகளோடு எழுதுகிறோம்.

வண்டியும் அதன் வேலையும்

ஏழு வயதான இரட்டைக் கேபின் டீசல் பிக்-அப், பின்சக்கர இயக்கம். முன்னால் இரட்டை விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்கும் இரண்டு கைகள்), சுருள் ஸ்பிரிங். பின்னால் பட்டை ஸ்பிரிங் (அடுக்கிய எஃகுப் பட்டைகள்), பட்டை ஆக்சிலுக்கு (சக்கர அச்சுக்கு) மேலே உட்காரும் அமைப்பு. டயர் 265/65 ஆர்17. ஏர்கான் பொருத்திப் பராமரிக்கும் சிறு தொழில். வாரத்தில் ஆறு நாள் உட்லண்ட்ஸிலிருந்து புக்கிட் தீமா விரைவுச்சாலை, கிராஞ்சி விரைவுச்சாலை வழியாகத் துவாஸ் பக்கம் ஓடும். ஏணி, வேக்குவம் பம்ப், செப்புக் குழாய்ச் சுருள், கேஸ் சிலிண்டர், கருவிப் பெட்டி எல்லாம் சேர்ந்து அன்றாடச் சுமை 180 கிலோ. வெளி யூனிட்டுகளை மொத்தமாக எடுத்துப் போகும் நாளில் 500 கிலோ வரை ஏறும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு லிட்டில் இந்தியாவின் தேக்கா. இரவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி வாகன நிறுத்துமிடம்.

இதில் கவனிக்க வேண்டியது 180, 500 என்ற இரண்டு எண்கள். சரக்கு வாகனமாகப் பதிவான வண்டியின் பட்டை ஸ்பிரிங் முழுச் சுமைக்காகச் செய்யப்பட்டது. அது காலியாக ஓடும்போது விறைப்பாகத்தான் இருக்கும். குடும்பக் காரின் சொகுசை அதே பட்டையிடம் கேட்கிறோம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எதையும் தொட வேண்டும்.

அளவெடுப்பு

தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளப்பது வழக்கம். அதில் டயர் காற்றும் தேய்மானமும் கலந்துவிடும். சக்கர மையத்திலிருந்து விளிம்பு வரை அளப்பதே சரி. முன்னால் 505 மி.மீ., பின்னால் 530 மி.மீ. கருவிப் பெட்டி எப்போதும் வலப்பக்கமே இருந்ததால் வலது பின்பக்கம் 6 மி.மீ. தாழ்ந்திருந்தது. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனித் தராசு வைத்து எடுத்த எடை, சரக்குத் தட்டு காலியாக, முன் ஆக்சிலில் 1,120 கிலோ, பின் ஆக்சிலில் 740 கிலோ. இதில் பின் ஆக்சில், சக்கரம், பிரேக், பட்டையின் ஒரு பங்கு என்று ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை ஏறக்குறைய 240 கிலோ. மீதி 500 கிலோவைத்தான் இரண்டு பட்டைகளும் தாங்குகின்றன. ஒரு பக்கத்துக்கு 250 கிலோ.

பட்டையின் விறைப்பை அறிய விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். 25 கிலோ மணல் மூட்டை பன்னிரண்டு போதும். ஆக்சிலுக்கு நேர் மேலே தட்டில் ஒவ்வொன்றாக அடுக்கி, உயரம் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக இறக்கும்போதும் குறிக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

200 கிலோவுக்கு, அதாவது பக்கத்துக்கு 100 கிலோவுக்கு, ஏற்றும்போது 19 மி.மீ. இறங்கியது. இறக்கும்போது அதே எடையில் 25 மி.மீ. காட்டியது. சராசரி 22. பக்கத்துக்கு 981 நியூட்டனை 22-ஆல் வகுத்தால் மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 45 நியூட்டன். இது பட்டையின் விறைப்பு. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே வந்த 6 மி.மீ. வித்தியாசம் பட்டைகளுக்கு இடையே உள்ள உராய்வு. அதை நியூட்டனாக மாற்றினால் ஒவ்வொரு திசையிலும் ஏறக்குறைய 135 நியூட்டன், சுமார் 14 கிலோ. இதைவிடச் சிறிய விசை வந்தால் பட்டை அசையவே அசையாது. விரைவுச்சாலைப் பாலத்தின் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கும்போது வரும் சின்ன அதிர்வு இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. ஸ்பிரிங் பூட்டிக்கொண்டு நிற்க, டயர் மட்டும் நசுங்கி, மீதி நேராகச் சேசிஸுக்கும் சீட்டுக்கும் போகிறது. அம்மாவின் இடுப்பைப் பதம் பார்த்தது இதுதான்.

பட்டைக் கட்டைக் கழற்றிப் பிரித்தபோது அது கண்ணுக்கே தெரிந்தது. இரண்டாவது பட்டையின் முனை, மேலே இருந்த முதல் பட்டையின் அடிப்புறத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளத்தை அரித்திருந்தது. பள்ளத்தின் ஓரம் கத்தி போலக் கூர்மை. முனையில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் திண்டு எப்போதோ தேய்ந்து மறைந்துவிட்டது. பட்டைகளுக்கு நடுவே செம்பழுப்புத் துருப்பொடி, மழைநீரில் குழைந்து காய்ந்து, அரைத்த மிளகாய்த்தூள் மாதிரி படிந்திருந்தது.

இடது பின் அப்சார்பர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் பாகம்) எண்ணெய் கசிந்து நனைந்திருந்தது. நான்கு டயரிலும் 42 பி.எஸ்.ஐ. காற்று. சுமை ஏறும் நாளுக்காக ஏற்றியதை அப்படியே ஆண்டு முழுவதும் வைத்திருந்தார்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் சுமைக்கு ஏற்ற அளவு இருக்கிறது. அதைப் பார்த்துக் காலை நேரத்தில், டயர் ஆறியிருக்கும்போது, முன்னால் 32, பின்னால் 34 என்று வைத்ததிலேயே வித்தியாசம் உடனே தெரிந்தது. காசே செலவில்லாத இந்த வேலையை முதலில் செய்யாமல் பாகம் வாங்கக் கிளம்பக் கூடாது.

மூன்று அங்குலம் ஏன் முடியாது

பின் ஆக்சிலுக்கும் மேலே இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் இடையே, தட்டு காலியாக, 115 மி.மீ. இடைவெளி இருந்தது. பள்ளத்திலும் மேட்டிலும் ஆக்சில் மேலே ஏறிப் போக இருக்கும் மொத்த இடம் அவ்வளவுதான். மூன்று அங்குலம், அதாவது 75 மி.மீ. இறக்கினால் மிச்சம் 40. அன்றாடச் சுமை 180 கிலோ ஏறியதும் பட்டை இன்னும் 20 மி.மீ. அமுங்கும். மிச்சம் 20. பலமாடி நிறுத்துமிடத்தின் ஒரு வேகத்தடை மேட்டுக்கே அது போதாது. 500 கிலோ ஏற்றினால் பட்டை 54 மி.மீ. அமுங்க வேண்டும், இடமோ 40 தான். வண்டி ஓடத் தொடங்கும் முன்பே ரப்பர்மேல் உட்கார்ந்துவிடும். அந்த நிலையில் ஸ்பிரிங் வேலை செய்யாது, அப்சார்பர் வேலை செய்யாது, ரப்பர் துண்டுதான் சஸ்பென்ஷன். தாழ்த்திய வண்டி முதுகை உடைக்கிறது என்று சொல்பவர்களின் வண்டியில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

"சரி, பட்டையை மென்மையாக்கிவிட்டு இறக்கலாமே" என்ற யோசனை அடுத்து வரும். மில்லிமீட்டருக்கு 45-லிருந்து 32 நியூட்டனாகக் குறைத்தால் காலி வண்டியின் இயல்பதிர்வு (ஸ்பிரிங்மேல் அது நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது) 2.1 ஹெர்ட்ஸிலிருந்து 1.8 ஆகக் குறையும். சொகுசான கார்கள் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் வரை இருப்பவை. ஆக, திசை சரிதான். ஆனால் அதே மெத்தென்ற பட்டை 500 கிலோவுக்கு 77 மி.மீ. அமுங்கும். உயரத்தையும் குறைத்து, விறைப்பையும் குறைத்தால், இரண்டுமே ஒரே 115 மி.மீ. பணப்பையிலிருந்து செலவாகிறது. தாழ்வும் மென்மையும் ஒன்றையொன்று தின்னும். இந்த ஒரு வரியை உரிமையாளரிடம் தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான் மூன்று அங்குலப் பேச்சு ஓய்ந்தது.

முடிவு இப்படி ஆனது: முன்னும் பின்னும் 30 மி.மீ. பின்பட்டை இரண்டு கட்டமாக வேலை செய்ய வேண்டும், காலியாகவும் அன்றாடச் சுமையிலும் மென்மையாகவும், பெருஞ்சுமையில் விறைப்பாகவும். உராய்வை ஒழிப்பதுதான் சொகுசுக்கான உண்மையான வேலை. 30 என்பது சிறிய எண் போலத் தெரியும். ஏறும் படி 30 மி.மீ. தாழ்வது முழங்கால் வலி உள்ளவருக்குத் தெரியும். வண்டியின் எடை மையம் இறங்குவது வளைவில் தெரியும். அதற்கு மேல் ஏறுவதற்குச் சுலபம் வேண்டுமென்றால் பக்கவாட்டுப் படி பொருத்துவதே நல்லது.

பாகம் வாங்கும் முன்பு ஒரு காரியம் உண்டு. மாற்றப் போகும் ஸ்பிரிங், பட்டை, அப்சார்பர் விவரத்தோடு நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ள வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். சரக்கு வாகனம் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகிறது. அங்கே நின்றுகொண்டு விளக்கம் சொல்வதைவிட இது எளிது. பக்கவாட்டில் எழுதியிருக்கும் அதிகபட்ச எடை எந்த ஸ்பிரிங் போட்டாலும் மாறாது. சேசிஸை வெட்டுவது, வெல்டு வைப்பது எதுவும் இந்த வேலையில் கிடையாது என்பது தொடக்கத்திலேயே தீர்மானம்.

பின்பக்கம்

பின்பக்கத்தை இறக்கப் பல வழிகள் சொல்வார்கள். அதில் கட்டை வைப்பதைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு அதிகம் நடக்கும் இடம் அது. பட்டை ஆக்சிலுக்குக் கீழே தொங்கும் பழைய தாழ்வான பிக்-அப்களில் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்தால் வண்டி இறங்கும். இந்த வண்டி போலப் பட்டை ஆக்சிலுக்கு மேலே இருந்தால் அதே கட்டை வண்டியை உயர்த்தும். இணையத்தில் "லோயரிங் பிளாக்" என்று வாங்கி வந்து, பொருத்திப் பார்த்து, வண்டி ஏறி நிற்பதைக் கண்டு திகைத்தவர்கள் உண்டு. வாங்கும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து ஒரு முறை பார்த்தால் போதும்.

ஆக்சிலைப் பட்டைக்கு மேலே மாற்றிப் பொருத்துவது இன்னொரு வழி. அது ஒரேயடியாக ஐந்து அங்குலத்துக்கு மேல் இறக்கும், 115 மி.மீ. இடமும் போய், சேசிஸில் பிறை வடிவில் வெட்ட வேண்டிவரும். அன்றாட வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம். ஷாக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் அசையும் துண்டு) மாற்றுவது சிறிய திருத்தத்துக்குச் சரி. ஷாக்கிள் நீளத்தில் 40 மி.மீ. மாறினால் ஆக்சிலில் பாதிதான், 20 மி.மீ., தெரியும். நீட்டினால் ஏறுமா இறங்குமா என்பதும் ஷாக்கிள் சேசிஸில் தொங்குகிறதா, நிமிர்ந்து நிற்கிறதா என்பதைப் பொறுத்தது. ஒரு பட்டையை உருவிவிடுவது எல்லாவற்றையும்விட மலிவு, எல்லாவற்றையும்விட மோசம். விறைப்பு குறையும், சுமை மிச்சப் பட்டைகளின் தலையில் விழும், சில மாதத்தில் முதல் பட்டை கண்ணுக்கருகில் (போல்ட் நுழையும் முனை வளையத்துக்கு அருகில்) விரிசல் விடும்.

ஆகவே புதிய பட்டைக் கட்டு. எஸ்.யு.பி.9 ஸ்பிரிங் எஃகில், மேலே நான்கு பட்டை, அடியில் ஏறக்குறைய நேராக இருக்கும் தடித்த துணைப் பட்டை ஒன்று. முதல் நான்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 38 நியூட்டன். காலி உயரத்திலிருந்து 35 மி.மீ. அமுங்கியதும் துணைப் பட்டை தொட்டு, விறைப்பு 75 ஆக ஏறும். 180 கிலோவுக்கு 23 மி.மீ. அமுங்குகிறது, துணைப் பட்டை தொடவில்லை. 500 கிலோவுக்கு முதல் 35 மி.மீ.யும் பிறகு 15-ம் ஆக 50 மி.மீ. பழைய விறைத்த பட்டைக்கு 54. இத்தனைக்கும் காலியில் மென்மை கூடியிருக்கிறது.

பட்டை செய்யக் கொடுக்கும்போது "30 மி.மீ. இறக்கிச் செய்" என்று மட்டும் சொன்னால் தப்பாகத்தான் வரும். விறைப்பு மாறினால் வண்டி எடையில் அமுங்கும் அளவும் மாறும். கணக்கு இது: பக்கத்துக்கு 250 கிலோ, 2,452 நியூட்டன். பழைய பட்டை அதில் 54 மி.மீ. அமுங்கி, 60 மி.மீ. வளைவோடு நின்றது. புதியது 30 மி.மீ. வளைவோடு நிற்க வேண்டும், ஆனால் 65 மி.மீ. அமுங்கும். ஆக, சுமையில்லாத வளைவு 95 மி.மீ. புதுப் பட்டை முதல் சில வாரத்தில் கொஞ்சம் உட்காரும் என்பதால் 100 என்று எழுதிக் கொடுத்தோம். பழைய பட்டையை நெருப்புக் காட்டி நிமிர்த்துவது தடை. பதம் ஏற்றிய எஃகு, சூட்டில் பதம் இழந்தால் பிறகு அது வெறும் இரும்புப் பட்டைதான். வாரக்கணக்கில் தொய்ந்து, ஒரு நாள் மடங்கும்.

ஒவ்வொரு முனையிலும் பிளாஸ்டிக் திண்டு, நடு போல்ட்டைச் சுற்றி மெல்லிய தகடு. பட்டைகளுக்கு நடுவே கிரீஸ் அப்பும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். மணலைப் பிடித்து அரம் போல அரிக்கும். கண்களிலும் ஷாக்கிளிலும் ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றி அமரும் உறை) தான். பாலியூரித்தேன் புஷ் நீடிக்கும், ஆனால் விறைப்பு. சொகுசைத் தேடி வந்தவருக்கு அது எதிர்வேலை.

பட்டை நிமிரும்போது கண்ணுக்குக் கண் தூரம் 5, 6 மி.மீ. நீளும், ஷாக்கிள் அந்த அளவுக்குப் பின்னால் சாயும். சுமை ஏற்றிய நிலையில் அது சேசிஸைத் தொடாமல் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

பழைய பம்ப் ஸ்டாப் 55 மி.மீ. கெட்டி ரப்பர். அதற்குப் பதில் நுண்துளைப் பாலியூரித்தேனில் 70 மி.மீ. உயரமானது. 15 மி.மீ. முன்னதாகவே தொடும், ஆனால் பஞ்சு போலத் தொட்டு, படிப்படியாக இறுகும். காலியில் அதுவரை இருக்கும் இடம் 115-இல் 30-ம் 15-ம் போக 70. அன்றாடச் சுமையில் 47, 500 கிலோவில் 20. இந்த வகை ஸ்டாப் முழுவதும் நசுங்கினால் 21 மி.மீ. ஆகிவிடும், அதாவது ஆக்சில் பழையதைவிட மேலே போகும். அந்த உச்சத்தில் அப்சார்பர் அடி தட்டக் கூடாது. ஸ்டாப்பைக் கழற்றி, அதன் இடத்தில் 21 மி.மீ. மரக்கட்டை வைத்து, ஆக்சிலை ஜாக்கியால் அதுவரை ஏற்றி, அப்சார்பரின் கண்ணுக்குக் கண் அளந்தோம்: 343 மி.மீ. பழைய மாடல் அப்சார்பர் முழுதும் மூடினால் 340. மூன்று மில்லிமீட்டர் நம்பிக்கைக்கு உரியதல்ல. மூடிய நீளம் 330 உள்ளதை எடுத்தோம். அதே நிலையில் டயருக்கும் மட்கார்டுக்கும், டிரைவ் ஷாஃப்டுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும், எக்ஸாஸ்ட் குழாய்க்கும் ஆக்சிலுக்கும் விரல் நுழைகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

முன்பக்கம்

சக்கரத்தில் 30 மி.மீ. இறங்க வேண்டுமென்றால் ஸ்பிரிங்கில் 30 குறைக்கக் கூடாது. கீழ்க் கையின் நடுவில் ஸ்பிரிங் நிற்பதால், இந்த அமைப்பில் சக்கரம் 1 மி.மீ. அசைந்தால் ஸ்பிரிங் 0.55 மி.மீ. தான் அசையும். ஸ்பிரிங்கில் 16.5 மி.மீ. போதும். இதை மறந்து 30 குறைத்தவர்களின் வண்டி 55 மி.மீ. இறங்கி நிற்கும்.

மேல்நோக்கிய பயணம் குறைவதால் ஸ்பிரிங்கைப் பத்து விழுக்காடு கெட்டியாக்கினோம்: மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் இருந்தது 110 ஆனது. அதிர்வெண் 1.23-லிருந்து 1.29 ஹெர்ட்ஸ், உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாத வித்தியாசம். பழைய ஸ்பிரிங்கின் கழற்றிய நீளம் 380 மி.மீ., வண்டி எடையில் 291. புதியது 274.5-இல் நிற்க வேண்டும், 81 அமுங்கும், ஆக 356 மி.மீ. வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங்குக்கு இருக்கும் இடம் 336. இன்னும் 20 மி.மீ. இறுக்கம் மிச்சம். மூன்று அங்குலம் இறக்கியிருந்தால் ஸ்பிரிங் நீளம் 331 ஆகி, தொங்கும்போது இடத்திலிருந்து ஆடிக் கழலும். சுருளை வெட்டிக் குறைப்பதில் இந்த ஆபத்தும் உண்டு. வெட்டிய முனை ஸ்பிரிங்குக்கான கிண்ணத்தில் சரியாக உட்காராது என்பதும் உண்டு.

கழற்றும்போது பழைய ஸ்பிரிங் உள்ளே 4,400 நியூட்டன், ஏறக்குறைய 450 கிலோ, விசையோடு அடைபட்டிருக்கிறது. கையால் முறுக்கும் கொக்கி வகைக் கருவியை நம்ப வேண்டாம். சுவரில் பொருத்திய அழுத்தியில் வைத்துத்தான் மேல் நட்டைத் தொட வேண்டும்.

எத்தனையோ நல்ல வேலைகளைக் கெடுப்பது கடைசிப் பத்து நிமிடம். வண்டி தூக்கிய நிலையிலேயே இருக்கும்போது கீழ்க் கை, மேல் கை போல்ட்டுகளை முழுதாக இறுக்கிவிடுவார்கள். ரப்பர் புஷ் அந்தத் தொங்கும் கோணத்தில் கவ்விக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் அது முறுக்கிக்கொண்டே நிற்கும். உயரம் கூடுதலாகக் காட்டும், ஓட்டம் விறைக்கும், ஓராண்டில் ரப்பர் கிழியும். போல்ட்டைக் கையால் மட்டும் இறுக்கி, சக்கரம் மாட்டித் தரையில் இறக்கி, நான்கு மூலையிலும் வண்டியை அழுத்தி ஆட்டிவிட்டு, அதன் பிறகு டார்க் ரெஞ்சில் கையேட்டு அளவுக்கு இறுக்குவதே முறை. பட்டைக் கண்ணுக்கும் ஷாக்கிளுக்கும் இதே விதிதான்.

பழைய மாடல்களில் முன்னால் டார்ஷன் பார் (முறுக்கத்தால் ஸ்பிரிங் வேலை செய்யும் தண்டு) இருக்கும். அதன் போல்ட்டைத் தளர்த்தினால் பைசா செலவில்லாமல் இறங்கும் என்பது உண்மை. ஆனால் அந்த வண்டிகள் சிலவற்றில் ரப்பருக்கும் கைக்கும் இடையே விரல் அகலம்தான் இடம் இருக்கும். அளக்காமல் ஒரு சுற்றுகூடத் திருகக் கூடாது.

பிரேக், விளக்கு, அலைன்மென்ட்

இந்த வண்டியில் பின் ஆக்சிலோடு கம்பியால் இணைந்த சுமை உணர் பிரேக் வால்வு இருக்கிறது. சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் இடைவெளி குறைந்தால் "சுமை ஏறியிருக்கிறது" என்று அது எடுத்துக்கொண்டு, பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். 30 மி.மீ. இறக்கிவிட்டு இதை அப்படியே விட்டால், காலி வண்டிக்குச் சுமை வண்டியின் பின்பிரேக் கிடைக்கும். மழை பெய்யும் மாலையில் விரைவுச்சாலையில் திடீரென்று மிதித்தால் பின்சக்கரம் பூட்டி வால் வீசும். சஸ்பென்ஷனைத் தாழ்த்தும் வேலையில் உயிரோடு விளையாடும் இடங்களில் முக்கியமானது இது. கம்பியின் நீளத்தைக் கண்மட்டத்தில் சரிசெய்யாமல், முன்பின் அழுத்தத்தைக் கேஜில் பார்த்து, கையேட்டின் முறைப்படி அமைத்து, பிறகு உருளைச் சோதனையில் உறுதி செய்தோம். மின்னணு முறையில் பிரேக் விசையைப் பங்கிடும் வண்டிகளில் இந்த வால்வு பெரும்பாலும் இருக்காது.

முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்கியதால் விளக்கின் கோணம் மாறவில்லை. ஆனாலும் 10 மீட்டர் தூரச் சுவரில் ஒளிவிளிம்பு எங்கே விழுகிறது என்று பார்த்துவிட வேண்டும். கேமரா, ரேடார் உள்ள புதிய வண்டிகளுக்கு உயரம் மாறினால் மறு அளவீடு தேவை.

இறக்கியதும் முன்சக்கரத்தின் கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) இடப்பக்கம் கழித்தல் 1.1, வலப்பக்கம் கழித்தல் 0.9 டிகிரி ஆனது. அப்படியே ஓடினால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். கீழ்க் கையின் மையம் விலகிய (எக்சென்ட்ரிக்) போல்ட்டைத் திருப்பி இரண்டையும் கழித்தல் 0.3-க்குக் கொண்டுவந்து, அதன் பிறகே டோ (சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்யப்பட்டது. வரிசை மாறினால் இரண்டு முறை உழைக்க வேண்டும்.

எது தப்பாகப் போனது

முதல் ஓட்டத்தில் ஸ்டீயரிங் நேராக இருக்கையில் வண்டி லேசாகக் கோணலாக ஓடுவது தெரிந்தது. அலைன்மென்ட் மேசையில் பின் ஆக்சில் 0.2 டிகிரி திரும்பியிருந்தது. இடது வலது சக்கர இடைத்தூரம் 6 மி.மீ. வித்தியாசம். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ-போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் காரணம் சின்னது. புதுப் பட்டைக் கட்டின் நடு போல்ட் தலை, ஆக்சில் இருக்கையில் உள்ள துளைக்குள் இறங்க வேண்டும். இடப்பக்கம் தலை துளையைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே இறங்காமல் துளையின் விளிம்பில், நாணயத்தைச் சாய்த்து வைத்தது போல, 4 மி.மீ. தள்ளி உட்கார்ந்திருந்தது. யூ-போல்ட்டின் இறுக்கம் அதை மறைத்துவிட்டது. தலையில் பளபளவென்று அரைநிலா வடிவில் ஒரு தழும்பு. அந்த நிலையில் விட்டிருந்தால் இறுக்கம் தளர்ந்து, ஆக்சில் நகர்ந்திருக்கும். சரியான அளவு தலையுள்ள போல்ட் போட்டு, யூ-போல்ட்டுகளையும் மறுபடி புதிதாகவே போட்டோம். ஒரு முறை முழு இறுக்கம் கண்ட யூ-போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது, நீண்டு போயிருக்கும். குறுக்குமறுக்காக நான்கு சுற்றில் ஏற்றி, 100 கிலோமீட்டரிலும் 500 கிலோமீட்டரிலும் மறுபடி இறுக்கினோம். 100-இல் நான்கு நட்டும் கால் சுற்று வரை போனது. 500-இல் அசையவில்லை.

மணல் மூட்டைச் சோதனையைத் திரும்பச் செய்தபோது ஏற்றத்தில் 25, இறக்கத்தில் 27 மி.மீ. உராய்வு பக்கத்துக்கு 135 நியூட்டனிலிருந்து 38 ஆகச் சுருங்கியிருந்தது. அன்றாடச் சுமையில் அதிர்வெண் 1.83-லிருந்து 1.68 ஆனது மட்டும்தான். கிடைத்த சொகுசில் பெரும்பங்கு உராய்வு, காற்றழுத்தம், புது அப்சார்பர் மூன்றுக்கும் சேர வேண்டியது. உயரம் குறைந்ததற்கு அதில் பங்கில்லை. பின்சீட்டின் முதுகு நிமிர்ந்து நிற்பதைச் சஸ்பென்ஷனால் சரிசெய்ய முடியாது என்பதையும் உரிமையாளரிடம் சொல்லிவிட்டோம். அம்மாவுக்கு முதுகுத் திண்டு ஒன்று தனியாக வேண்டும்.

கடைசிச் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். முன் அப்சார்பர் தண்டில் ஒரு கேபிள் டை கட்டி, பின் பம்ப் ஸ்டாப்பின் நுனியில் கோலிக்குண்டு அளவு களிமண் ஒட்டி, ஒரு மாதம் ஓட விட்டோம். முன்னால் கேபிள் டை, ஸ்டாப்புக்கு 9 மி.மீ. முன்பே நின்றுவிட்டது. பின்னால் அன்றாட ஓட்டத்தில் களிமண் உருண்டை உருண்டையாகவே இருந்தது. வெளி யூனிட் ஏற்றிப் போன ஒரு நாளில் மட்டும் இரண்டு பக்கமும் சப்பட்டையாகி, வலப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக அமுங்கியிருந்தது. கருவிப் பெட்டி மறுபடி வலப்பக்கமே வைக்கப்பட்டிருந்தது. அதைத் தட்டின் நடுவுக்கு மாற்றி, நகராமல் வார் போட்டுக் கட்டினோம்.